பழி யார் தலையில்?

1655ஆம் ஆண்டில் ரெம்பிராண்ட் ஒரு செப்புத் தகட்டில் ‘எக்கே ஓமோ’ காட்சியைக் கீறினார். கைகள் கட்டப்பட்ட இயேசுவை ரோம ஆளுநர் பிலாத்து மக்கள் முன் நிறுத்தி, இவரை என்ன செய்வது என்று கேட்கும் காட்சி அது. அந்தத் தகட்டிலிருந்து வந்த அச்சுகளை வல்லுநர்கள் எட்டு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு நிலைக்கும் இடையில் தகட்டில் ஏதோ ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. தொடக்க நிலைகளில் மேடைக்குக் கீழே, படத்தின் முன்பக்கம் முழுவதும் கூட்டம். முதுகு காட்டி நிற்பவர்கள், தங்களுக்குள் பேசிக்கொள்பவர்கள், மேடையை நோக்கிக் கை நீட்டுபவர்கள் என்று ஒரு ஊரே திரண்டிருக்கிறது. ஆறாம் நிலையில் அந்தக் கூட்டம் இல்லை. இரு ஓரங்களிலும் மேடை மேலும் சிலர் எஞ்சியிருக்கிறார்கள். நடுவில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் ரெம்பிராண்ட் சுரண்டி எடுத்துவிட்டார்.

செப்பில் விழுந்த கோட்டை அழிக்கச் சுலபமான வழி கிடையாது. கூரிய சுரண்டியால் உலோகத்தை வழிக்க வேண்டும். வழித்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். பள்ளம் விழுந்தால் தகட்டைக் கவிழ்த்துப் பின்புறமாகத் தட்டிச் சமன்செய்ய வேண்டும். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் அகலமுள்ள தகட்டின் கீழ்ப்பாதியில் இதைச் செய்வதற்கு வெறும் மனமாற்றம் போதாது. உறுதியான ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் அச்சோவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வலி எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதில்தான் நின்றுவிடுகிறார்கள். முள்முடி, சாட்டை, தொங்கும் தலை, வழியும் குருதி. இவற்றைப் பார்க்காமல் இருக்க முடியாது, பார்க்கவும் வேண்டும். ஆனால் இந்தப் படங்களில் அதிகாரம் ஒளிந்திருக்கும் இடம் வேறு. அந்த வலியின் பழியை ஓவியர் யார் கணக்கில் எழுதுகிறார் என்று கேட்கும்போதுதான் அது தட்டுப்படுகிறது. துன்புறுபவரின் முகம் எல்லாப் படங்களிலும் ஒருவருடையதே. துன்புறுத்துபவரின் முகம்தான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகிறது. அந்த மாற்றம் தற்செயலானதல்ல.

ஆல்பிரெக்ட் டியூரர் 1511இல் நூரெம்பர்க் நகரில் பாடுகளின் மரச்செதுக்குகளை இரண்டு நூல்களாக வெளியிட்டார். ‘பெரிய பாடுகள்’, ‘சிறிய பாடுகள்’ என்று அளவை வைத்துப் பெயர். சிறியதில் தலைப்புப் படத்தையும் சேர்த்து 37 படங்கள். கையடக்கமானது, தனியறையில் வைத்துப் பக்கம் பக்கமாகத் தியானிக்கத் தக்கது. அதன் தலைப்புப் படத்தில் இயேசு ஒரு கல்லின்மேல் தனியாக உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கியிருக்கிறார். சிலுவையின் காயங்கள் ஏற்கெனவே உடலில் இருக்கின்றன. கதை நடந்து முடிந்துவிட்டது, ஆனால் துயரம் முடியவில்லை. ‘பெரிய பாடுகள்’ தலைப்புப் படத்தோடு அச்சான லத்தீன் வரிகள் பார்ப்பவரையே நேராக விளிக்கின்றன. உன் பாவத்தால் நான் இன்னும் காயப்படுகிறேன் என்பது அவற்றின் சாரம். வரிகளை எழுதியவர் பெனடிக்டஸ் கெலிடோனியுஸ் என்ற துறவி. இங்கே பழி நூலைப் பிரித்து வைத்திருக்கும் தனிமனிதரின் மனச்சாட்சிமேல் விழுகிறது. அது தனிப்பட்ட பழி, பாவமன்னிப்பில் தீர்ந்துவிடக் கூடியது.

உள்ளே புரட்டினால் வேறொரு கணக்கு ஓடுகிறது. அக்காலத்து ஜெர்மானியப் பாடுகளின் படங்களில் துன்புறுத்துபவர்களுக்கு என்றே ஒரு முகம் உண்டு. பிளந்த வாய், கோணிய தாடை, வளைந்த மூக்கு, பல படங்களில் யூதர்கள் அணிய நிர்ப்பந்திக்கப்பட்ட கூம்புத் தொப்பி. தலைப்பில் ‘நீதான்’ என்று சொல்லும் மரபு, உள்ளே ‘அவர்கள்தான்’ என்று காட்டியது. பார்ப்பவர் எதை நம்பினார் என்பதை வரலாறு சொல்கிறது. 1475இல் வட இத்தாலியின் திரெந்து நகரில் சீமோன் என்ற சிறுவன் இறந்துகிடந்தான். யூதர்கள் அவனைச் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று பொய்ப்பழி சுமத்தி, சித்திரவதையில் வாக்குமூலம் வாங்கி, அவ்வூர் யூத ஆண்களைக் கொன்றார்கள். அந்தப் பொய் ஐரோப்பா முழுவதும் பரவ அச்சுப்படங்கள் பெரிதும் உதவின. அவற்றில் சிறுவன் கைகளை விரித்து இயேசுவைப் போல நிற்பான், சுற்றிலும் யூதர்கள். பாடுகளின் காட்சியமைப்பை அப்படியே எடுத்து ஒரு கொலைப்பழியின்மேல் போர்த்தினார்கள். 1493இல் நூரெம்பர்க்கிலேயே அச்சான ஹார்ட்மன் ஷேடலின் உலக வரலாற்று நூலிலும் அந்தப் படம் இருக்கிறது. அந்நூலின் படங்களைச் செய்த மிகாயேல் வோல்கெமுட்டின் பட்டறையில்தான் டியூரர் தொழில் கற்றார், நூலை அச்சிட்ட அன்டோன் கோபெர்கர் அவருடைய ஞானத்தந்தை. டியூரரின் ‘திருவெளிப்பாடு’ வெளிவந்த 1498இல்தான் நூரெம்பர்க் நகரம் தன் யூதர்களை வெளியேற்றப் பேரரசரிடம் அனுமதி பெற்றது. மறு ஆண்டு அவர்கள் போய்விட்டார்கள். திரெந்து சிறுவனின் வழிபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை விலக்கியது 1965இல்தான்.

டியூரரை இதற்குக் குற்றவாளியாக நிறுத்த நான் விரும்பவில்லை. அவர் மரச்செதுக்கில் ஒளியும் நிழலும் பேசக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய இயேசு மனித உடலின் எடையோடு விழுகிறார், எழுகிறார். ஆனால் பாடுகளின் அச்சோவியம் ஒரு நகரச் சந்தையில், ஒரு நகர அரசியலுக்கு நடுவில் விற்கப்பட்ட பொருள். டியூரரின் மனைவி ஆக்னெஸ் சந்தைகளில் அவற்றை விற்றார். நெதர்லாந்துப் பயணத்தில் டியூரர் அவற்றைக் கட்டுக்கட்டாக விற்றும் பரிசளித்தும் கணக்கு எழுதி வைத்தார். வாங்கியவர் கையில் அந்தப் படம் எந்தப் பகைக்குத் துணைபோகும் என்பது செதுக்கியவர் கட்டுப்பாட்டில் இல்லை.

எந்தப் பரிவுக்குத் துணைபோகும் என்பதும் அப்படித்தான். யேசு சபைப் பாதிரியார்கள் வழியாக ஐரோப்பிய அச்சுப்படங்கள் முகலாய அரண்மனைக்குப் போனபோது, அபுல் ஹசன் என்ற 13 வயதுச் சிறுவன் 1600ஆம் ஆண்டுவாக்கில் டியூரரின் செப்புப் பொறிப்பு ஒன்றைப் பார்த்து வரைந்தான். மூலப் படம் சிலுவைக் காட்சி. சிறுவன் எடுத்துக்கொண்டதோ சிலுவையடியில் கைகளைப் பிசைந்து நிற்கும் சீடர் யோவானை மட்டும். சிலுவை இல்லை, பகைவர் இல்லை, பழி சுமத்த ஆள் இல்லை. துயரப்படும் ஓர் இளைஞனும் அவன் ஆடையின் கனத்த மடிப்புகளுமே மிஞ்சின. பின்னாளில் பேரரசர் ஜஹாங்கீரின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவரான அவரது அந்தச் சிறுவயதுக் கோட்டுப்படம் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாடுகளின் படம் ஒன்றுக்குக் கிடைத்த மிகக் கூர்மையான வாசிப்புகளுள் ஒன்றாக அதை நான் கருதுகிறேன்.

டியூரரின் நூல்கள் வெளிவந்து பத்தே ஆண்டுகளில் விட்டன்பெர்க்கில் லூக்காஸ் கிரானாக் அதே பாடுகளை நேரடி அரசியலாக்கினார். 1521இல் வந்த சிறுநூலில் 26 மரச்செதுக்குகள், இரண்டிரண்டாக எதிரெதிர்ப் பக்கங்களில். ஒரு பக்கம் கிறிஸ்து முள்முடி ஏற்கிறார், எதிர்ப்பக்கம் போப்பாண்டவர் மும்முடி சூடுகிறார். கிறிஸ்து சீடர்களின் பாதம் கழுவுகிறார், எதிரே போப்பின் பாதத்தை அரசர்கள் முத்தமிடுகிறார்கள். கிறிஸ்து சிலுவை சுமக்கிறார், போப்பைப் பல்லக்கில் சுமக்கிறார்கள். எழுத்தறியாதவருக்கும் ஒரு நொடியில் விளங்கும். துன்பத்தை அதிகாரத்தை அளக்கும் கோலாக்கிய இதன் துணிச்சலை நான் மதிக்கிறேன். கிறிஸ்துவின் பெயரால் ஆள்பவர் கிறிஸ்துவைப் போல இருக்கிறாரா என்ற கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் அந்த எதிரெதிர்ப் பக்க அமைப்பில் ஒரு வசதியும் இருக்கிறது. அதிகாரம் எப்போதும் மறுதரப்பில்தான். விட்டன்பெர்க்கின் இளவரசரைப் பற்றி அந்த நூலில் கேள்வி கிடையாது. கிரானாக்கோ அந்த இளவரசரின் அரண்மனை ஓவியர். அதே ஊரில் 1543இல் சீர்திருத்தத் தலைவர் லூத்தர் யூதர்களுக்கு எதிராக எழுதிய கொடிய நூல் அச்சேறியது. ஒரு திசையில் மட்டும் சுடர்ந்த அறச்சீற்றம் மறுதிசையில் எதையும் தடுக்கவில்லை.

இனி ஆம்ஸ்டர்டாமுக்கு வருவோம்.

ரெம்பிராண்டும் தொடக்கத்தில் மரபுவழியே போனவர்தான். 1635-36இல் அவர் செய்த பெரிய எட்சிங் ஒன்றில் இதே காட்சி வருகிறது. அங்கே மதத்தலைவர்கள் பிலாத்தை நெருக்கி, முகம் கோண, கத்திக் கேட்கிறார்கள். பிலாத்து தர்மசங்கடத்தில் நெளிகிறார். மேலே சீசரின் மார்பளவுச் சிலை. யார் மேல் பழி என்பதில் அந்தப் படத்துக்குச் சந்தேகமே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து அதே காட்சிக்குத் திரும்பும்போது அவர் லூக்காஸ் வான் லெய்டன் 1510இல் செய்த செப்புப் பொறிப்பை மாதிரியாகக் கொண்டார். அதில் பெரிய நகரச் சதுக்கம், முன்னால் கூட்டம், தூரத்தில் சிறிதாக இயேசு. ரெம்பிராண்ட் மேடையை முன்னுக்கு இழுத்து, அதன்பின் உயர்ந்த ஒரு கட்டடத்தை எழுப்பினார். வாயிலின் இருபுறமும் இரண்டு பெண் சிலைகள், ஒன்று நீதி, மற்றது துணிவு. மேடையில் தலைப்பாகையும் நீண்ட கோலுமாகப் பிலாத்து, அருகில் இயேசுவும் கைதி பரபாசும். கைகழுவக் கிண்ணமும் கெண்டியும் ஏந்திய பணியாள் தயாராக நிற்கிறான். தீர்ப்பு இன்னும் சொல்லப்படவில்லை, கைகழுவும் ஏற்பாடு முடிந்துவிட்டது. மேலே ஒரு சன்னலில் ஒரு பெண், பிலாத்தின் மனைவியாக இருக்கலாம்.

அந்த ஆண்டு ஜூலையில்தான் ஆம்ஸ்டர்டாமின் புதிய நகரமன்றம் திறந்தது. அதன் தரைத்தளத்தில் மரணதண்டனை அறிவிக்கும் மண்டபம் இருக்கிறது. சதுக்கத்தில் நின்ற மக்கள் கம்பிச் சன்னல் வழியாக உள்ளே பார்க்க முடிந்தது. ஆர்ட்டுஸ் குவெலினுஸ் செதுக்கிய சலவைக்கல் சுவரில் சாலமோனின் தீர்ப்பு முதலிய காட்சிகள், அவற்றுக்கிடையே வெட்கத்தால் முகம் பொத்திய பெண் உருவங்கள். தண்டனையை நிறைவேற்றக் கட்டடத்துக்கு வெளியே, சதுக்கத்தை நோக்கி மர மேடை கட்டுவார்கள். ரெம்பிராண்டின் படத்தில் நாம் காணும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். அவரை அறிந்த ஆம்ஸ்டர்டாம்காரர் ஒருவர் இதைப் பார்த்து எருசலேமை மட்டும் நினைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை.

அந்தக் கட்டடத்தோடு ரெம்பிராண்டுக்கும் கணக்கு இருந்தது. 1656 ஜூலையில் அவர் கடன் தீர்க்க முடியாமல் தன் உடைமைகளை ஒப்படைத்தார். அத்தகைய வழக்குகளைக் கவனித்த அறையின் வாயில் அந்தக் கட்டடத்தில் இன்றும் இருக்கிறது. மேலே வானிலிருந்து விழும் இகாரஸ், சுற்றிலும் காலிப் பெட்டிகளையும் தீராத பற்றுச்சீட்டுகளையும் எலிகள் கொறிக்கும் செதுக்கு வேலை. 1664இல் எல்ஸ்யே கிறிஸ்தியான்ஸ் என்ற 18 வயது டேனிஷ் பெண், வாடகைத் தகராறில் வீட்டுக்காரியைக் கோடரியால் கொன்றதற்காக அந்த நகரமன்றத்தின் முன் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டாள். வேலைதேடி ஆம்ஸ்டர்டாம் வந்து சில வாரங்களே ஆகியிருந்தவள். உடலை நீரிணைக்கு அப்பால் ஒரு கம்பத்தில் கட்டி, பக்கத்தில் கோடரியையும் தொங்கவிட்டார்கள். ரெம்பிராண்ட் அங்கே போய் அவளை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இரண்டு முறை வரைந்தார். பாவாடையைச் சுற்றிய கயிறு, துவண்ட கை, சாய்ந்த தலை. அவற்றில் இரக்கக் கண்ணீரும் இல்லை, கண்டனமும் இல்லை. சட்டம் ஓர் உடலை என்ன செய்கிறது என்று பார்த்த பார்வை மட்டும் இருக்கிறது.

கூட்டத்தை ஏன் நீக்கினார் என்பதற்குச் சாதாரண விளக்கம் ஒன்றும் உண்டு. இந்தத் தகட்டில் கையாண்ட ட்ரைபாயின்ட் முறையில் ஊசி செப்பைக் கிழித்துச் செல்லும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பும். மை அந்தப் பிசிறில் தங்கித்தான் வெல்வெட் போன்ற கருமை வருகிறது. அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் பிசிறு மடிந்துவிடும். சில பத்து அச்சுகளுக்குள் கோடு வெளிறிப் போகும். தகடு தேய்ந்ததால் மாற்றியிருக்கலாம். சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக வாங்கினார்கள் என்று 1718இல் அர்னோல்ட் ஹவுப்ராக்கென் எழுதியதால், விற்பனையும் ஒரு நோக்கமாக இருந்திருக்கலாம். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேய்ந்த கூட்டத்தை மறுபடி கீறுவதே சுலபம். அதைச் செய்யாமல் மொத்தமாக நீக்கிவிட்டு, அடுத்த நிலையில் மேடையின் சுவரில் இரண்டு இருண்ட வளைவுகளைத் திறந்தார். நடுவில் தாடிவைத்த ஒரு முதியவரின் உருவம், நதித்தெய்வம் போலக் கிடந்தது. அவர் யாரென்று அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. கடைசி நிலையில் அவரையும் ரெம்பிராண்ட் இருளுக்குள் தள்ளினார்.

விளைவு கண்முன் இருக்கிறது. தொடக்க நிலைகளில் நாம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று வேடிக்கை பார்க்கிறோம். பின்னைய நிலைகளில் பிலாத்தின் கேள்விக்கு எதிரே நிற்பவர் நாம் ஒருவர்தான். ‘அவர்கள்’ என்று கைகாட்ட முன்வரிசையில் யாருமில்லை. டியூரரின் தலைப்புப் படமும் பார்ப்பவரை விளித்தது, ஆனால் அது தனியறைப் பாவத்தைப் பேசியது. இங்கே நாம் நிறுத்தப்படுவது சதுக்கத்தில், நகரத்தாராக. கட்டடமும் நீதியின் சிலையும் கிண்ணமேந்திய பணியாளும் சேர்ந்த ஒரு நடைமுறைக்குச் சம்மதம் கேட்கப்படுகிறது. யூதர் தெருவில் பல ஆண்டுகள் குடியிருந்தவர், அதே 1655இல் ரப்பி மெனாசே பென் இஸ்ராயேலின் நூலுக்கு நான்கு எட்சிங்குகள் செய்து கொடுத்தவர், பழைய பழியைத் தெரிந்தே அழித்தார் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அழிக்கப்பட்டது அந்தப் பழியின் இடம்தான் என்பதைப் படமே காட்டுகிறது.

‘மூன்று சிலுவைகள்’ என்ற 1653ஆம் ஆண்டுத் தகட்டிலும் இதே கை வேறுவிதமாக வேலை செய்தது. முதல் நிலைகளில் வானிலிருந்து ஒளிக்கற்றை இறங்குகிறது, நூற்றுவர் தலைவர் மண்டியிடுகிறார், அழுபவர்களும் ஓடுபவர்களும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். நான்காம் நிலையில் தகடு முழுவதும் கனத்த கோடுகள் மழையாக இறங்கி, ஒரு கள்வன் இருளில் ஏறக்குறைய மறைந்துபோகிறான். சிலுவைக்கு அருகில் உயரமான தொப்பியோடு புதிதாக ஒரு குதிரைவீரர் வருகிறார். அந்த உருவம் பிசனெல்லோ வார்த்த ஒரு பதக்கத்திலிருந்து எடுத்தது. பதக்கம் மாந்துவாவை ஆண்ட ஜான்ஃபிரான்செஸ்கோ கொன்சாகாவைப் பெருமைப்படுத்தச் செய்தது. ஓர் ஆட்சியாளரின் புகழுக்காக வார்த்த உருவம் கொலைக்களத்தில் அசையாமல் நிற்கிறது. அவர் யாரையும் அடிக்கவில்லை. அவர் இருப்பதே போதுமானதாக இருக்கிறது.

இந்த அச்சுகள் யார் கைக்குப் போயின என்பதையும் மறக்கக் கூடாது. டியூரரின் ‘சிறிய பாடுகள்’ போல இவை பரவலாக விலைபோனவை அல்ல. ‘எக்கே ஓமோ’வின் முதல் அச்சுகளில் பல ஜப்பானியத் தாளில் எடுத்தவை. அந்தத் தாள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் வந்தது. அதே கம்பெனி அப்போது பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்தது, 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. அந்தச் செல்வத்தில் எழுந்ததுதான் நகரமன்றத்தின் சலவைக்கல் சுவரும். அந்தச் சுவரின்முன் இயேசுவை நிறுத்தியவர் அந்தச் செல்வந்தர்களுக்கே படத்தை விற்றார். இந்த முரணை நீக்கிவிட்டு ரெம்பிராண்டைப் புனிதராக்குவது அவருக்கும் நியாயம் செய்யாது, கோரமண்டலக் கரைக்கும் நியாயம் செய்யாது.

பழியைத் தீர்ப்பு மேடைமேலேயே வைத்துப் பார்த்த இன்னொருவர் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ரூவோ. முதல் உலகப் போரைச் சுற்றிய ஆண்டுகளில் மைக்கோட்டுப் படங்களாகத் தொடங்கி, 1922 முதல் 1927 வரை செப்புத் தகட்டில் உருவாகி, 1948இல்தான் வெளியான அவருடைய ‘மிசெரேரே’ தொகுப்பில் 58 படங்கள். பதிப்பாளர் அம்புருவாஸ் வொல்லார் அவரது ஓவியங்களை ஒளிப்பட முறையில் தகட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். அது போதாதென்று ரூவோ அரம், சுரண்டி, அமிலம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு தகட்டோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். சிறுவயதில் கண்ணாடி ஓவியப் பட்டறையில் வேலை கற்றவர் என்பதால் ஈயப்பட்டை போன்ற தடித்த கருங்கோடு அவர் கைக்கு இயல்பாக வந்தது. முள்முடி சூடிய தலைக்கும், ‘அரசர் என்று நம்மை எண்ணிக்கொண்டு’ என்ற பொருளில் பெயரிட்ட படத்தின் மகுடத் தலைக்கும் ஒரே கனத்தில்தான் கோடு. 18, 19, 20ஆம் படங்களின் தலைப்புகளை அடுத்தடுத்து வாசித்தால் ஒரு நீதிமன்றக் காட்சி ஓடுகிறது. தண்டிக்கப்பட்டவர் போய்விட்டார், அவருடைய வழக்கறிஞர் வெற்றுச் சொற்களால் வாதாடுகிறார், மேலே யாரும் நினைக்காத ஒரு சிலுவை இயேசு. பிரெஞ்சு நீதிமன்றங்களிலிருந்து சிலுவைகளை அரசு 1904இல் அகற்றியது. ரூவோ பாரிஸ் நீதிமன்றங்களுக்குச் சென்று வழக்குகளைப் பார்க்கத் தொடங்கியது அதையடுத்த ஆண்டுகளில். அவருடைய நீதிபதிகள் வீங்கிய முகத்தோடு, இருக்கையில் சரிந்து, கைதியைவிடக் கைதியாகத் தெரிவார்கள். கேலிக்காக அப்படி வரைந்தீர்களா என்ற கேள்விக்கு அவர் மறுப்புச் சொன்னார். ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குத் தீர்ப்பு எழுத நேர்வதைப் பார்க்கும்போது தமக்கு வரும் வேதனைதான் அந்த முகங்களில் இறங்கிவிட்டது என்றும், உலகத்துச் செல்வமெல்லாம் கொடுத்தாலும் அந்த இருக்கையில் தாம் உட்கார மாட்டார் என்றும் அவர் விளக்கினார்.